பக்கவாதம் போல வந்த தலைவலி: ஒரு மாணவியின் கணக்கு நோட்டு சொன்னது

2017 ஜூலை மாதத்தில் ஒரு நாள், மூன்றாம் பாடவேளையில், பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தும் கணக்குகளைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு 36 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியை. முதல் கணக்கு முடிந்து இரண்டாவதைத் தொடங்கியபோது, பலகையின் வலப் பக்கத்தில், தகரக் கூரையில் வெயில் பட்டு மின்னுவது போல ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. வெளியே அடிக்கும் வெயில்தான் என்று நினைத்து, ஒரு பிள்ளையை எழுந்துபோய் சன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்திய பிறகும் வெளிச்சம் போகவில்லை. கண்ணை மூடினாலும் இருந்தது. அது மெல்லப் பெரிதாகி, ரம்பப் பல் போன்ற விளிம்புடன் பிறை வடிவில் விரிந்து, விரிந்த இடத்தில் இருந்த எழுத்துகளை விழுங்கிக்கொண்டே போனது.

அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வலது கைச் சுண்டுவிரலில் எறும்பு ஊர்வது போல ஓர் உணர்வு தொடங்கி, ஒவ்வொரு விரலாகக் கடந்து, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறி, பிறகு வலப்பக்க உதட்டுக்கும் நாக்கின் பாதிக்கும் வந்தது. சாக்பீஸ் கையில் இருப்பதே தெரியவில்லை. அது கீழே விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் கை தளர்ந்துவிட்டதை உணர்ந்தேன். முன் வரிசைப் பிள்ளைகளிடம் தண்ணீர் கேட்க நினைத்து வாயைத் திறந்தபோது, வந்த சொல் "சன்னல்". மறுபடி முயன்றேன், மறுபடியும் "சன்னல்" என்றே வந்தது. அந்தப் பிள்ளை மூடிய சன்னலைத் திறக்க ஓடியது. என் மனத்தில் தண்ணீர் என்ற சொல் தெளிவாக இருந்தும் அது நாவுக்கு வராமல் போன அந்தக் கணத்தின் பயத்தை, வலி எல்லாம் மறந்துபோன பிறகும் என்னால் மறக்க முடியவில்லை.

நான்காம் பாடவேளைக்கு மணி அடித்தபோது நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அடுத்த வகுப்புக்கு வந்த வேதியியல் ஆசிரியை, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். வலது கை எழவில்லை. "வாய் ஒரு பக்கமா இழுக்கு, 108-க்குப் போன் போடுங்க" என்று அவர் சத்தமிட்டது காதில் விழுந்தது. யாரோ தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுவந்தபோது, "விழுங்க முடியாதப்ப குடுக்காதீங்க, புரையேறிரும்" என்று தடுத்தவரும் அவர்தான். அன்று அவர் செய்த இரண்டும் சரி என்பதை அதன்பின் நான் சந்தித்த எல்லா மருத்துவர்களும் உறுதிப்படுத்தினார்கள்.

மருத்துவமனையில் முதலில் சர்க்கரை அளவு பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் ஒரு பக்கம் விழுந்துவிடுவதுண்டு என்பதால் அது எல்லோருக்கும் செய்யும் சோதனை. அடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்தார்கள். அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாம் என்றும், அதனால் ரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு என்றும் பணி மருத்துவர் என் கணவரிடம் விளக்கிக் கையெழுத்து வாங்கினார். ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் தலையின் இடப்பக்கம் சம்மட்டியால் அடிப்பது போன்ற வலி தொடங்கியது, பயந்துபோய் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள், கசிவு இல்லை. மறுநாள் மாலைக்குள் கை திரும்பிவிட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் எந்தச் சேதமும் தெரியவில்லை. பக்கவாதம் வந்து, ஊசியால் முழுக்கக் குணமாகிவிட்டது என்ற முடிவோடு, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொழுப்பைக் குறைக்க ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு வந்தது பக்கவாதம் அன்று என்பது ஓராண்டு கழித்துத் தெரிந்தது. அதைக் கேட்ட உறவினர் சிலர், "அப்போ அந்த டாக்டர் தேவையில்லாம ஊசி போட்டுட்டார்" என்று கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் குழறிய நிலையில் வந்த ஒருத்திக்குத் தலைவலி இன்னும் தொடங்கியிராத அந்த நேரத்தில், கையில் இருந்த தகவலை வைத்து அவர் எடுத்த முடிவு சரியானது. பக்கவாதம் இல்லாத ஒருவருக்கு இந்த ஊசியைப் போட்டால் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. உண்மையான பக்கவாதத்துக்குப் போடாமல் விட்டால் இழப்பது ஆயுளுக்கும் கையையும் பேச்சையும். இந்தக் கட்டுரையில் நான் வேறு எதைச் சொன்னாலும், இந்த ஒரு கருத்தை அது குறைக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பியதும், நிலுவையில் இருந்த கணக்கு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த மாணவியின் நோட்டைப் பார்த்தேன். பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதும் பிள்ளை அது. அன்றைய தேதியிட்ட பக்கத்தில் முதல் கணக்கு முழுவதும் சரியாக இருந்தது. இரண்டாவது கணக்கில் ஒவ்வொரு வரியிலும் வலது ஓரத்தில் வரவேண்டிய எண் விடுபட்டிருந்தது. மூன்றாவதில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. நான்காவதில் "தீர்வு" என்று எழுத வேண்டிய இடத்தில் "தீர்தீர்" என்று இருந்தது; அதற்குக் கீழே எழுத்தாக இல்லாத ஒரு கோடு சரிந்து இறங்கி நின்றது. டீச்சர் எழுதியது தவறாக இருக்காது என்ற நம்பிக்கையில் அந்தப் பிள்ளை அந்தக் கோட்டையும் அப்படியே வரைந்திருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிவப்பு மை போட மனம் வராமல், அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நோட்டை மூடி வைத்தேன். எதற்காக எடுத்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

இரண்டாவது முறை வந்தது 2018 ஏப்ரலில், பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில். முந்தைய இரவு சரியான உறக்கமில்லை. காலையில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பிடவும் இல்லை. இந்த முறை வெளிச்சம் இடப்பக்கம் தோன்றியது. விழுந்ததும் இடது கையும் இடது காலும். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்த வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சி.டி., எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக் குழாய்களின் ஸ்கேன், இதயத்தின் எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்தும் எதிலும் குறையில்லை. சென்ற முறை வலது, இந்த முறை இடது, படத்தில் ஒன்றுமில்லை என்ற மூன்றையும் சேர்த்து அங்கிருந்த மருத்துவர் ஒரு முடிவுக்கு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று என் கணவரிடம், "உடம்புல ஒண்ணும் இல்லை, மனசுலதான். வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. வெளியில் தெரிந்ததும் பேச்சு மாறியது. பக்கவாதம் என்றபோது வீடு தேடி வந்து பார்த்தவர்கள், வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று சொல்லத் தொடங்கினார்கள். மனநோய் என்று சொன்னதில் எனக்கு அவமானம் இல்லை. மனநோயும் நோய்தான், மூளைப் படத்தில் ஒன்றும் தெரியாமலே கைகால் செயலிழக்கும் நோய்களும் உண்மையானவைதான். என்னை வருத்தியது வேறு. எப்போது தொடங்கியது, எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று ஒரு கேள்விகூட என்னிடம் கேட்கப்படவில்லை.

அதற்குப் பின் வந்த சாதாரண தலைவலிகளுக்கு, பக்கத்துக் கிளினிக்கில் ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரை ஒன்றைத் தந்தார்கள், பெயர் ரிசாட்ரிப்டான். என் கை விழுந்த கதையை நான் அங்கே சொல்லவில்லை. தலைவலி வேறு, அது வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

2018 ஆகஸ்டில் வேறு ஊரில் இருந்த ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அம்மாவும் துணைக்கு வந்திருந்தார். கொண்டுபோன படங்களையும் கோப்புகளையும் அவர் ஓரமாக வைத்துவிட்டு, "அன்னைக்குக் காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்க" என்றார். வெளிச்சத்துக்கும் விரல் மரத்ததற்கும் இடையே எத்தனை நிமிடம் என்று கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் கைப்பேசியில் இருந்த அந்த நோட்டுப் பக்கம் நினைவுக்கு வந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தவர், ஒரு கணக்கை விளக்கிப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஏழெட்டு நிமிடம் என்றேன். விரலால் ஒவ்வொரு கணக்காகத் தொட்டுக்கொண்டே, "இங்கே பார்வையின் வலப் பாதி போயிருக்கு, இங்கே கையில் உணர்ச்சி போயிருக்கு, இங்கே மொழி போயிருக்கு, கடைசியா கை விழுந்திருக்கு. இருபது இருபத்தைந்து நிமிஷத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணா நகர்ந்து வந்திருக்கு. ரத்தக் குழாய் அடைச்சா இப்படிப் படிப்படியா வராது, பெரும்பாலும் எல்லாம் ஒரே அடியா வரும்" என்றார்.

பிறகு வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா குறுக்கிட்டார். "எங்க அம்மைக்கு இப்படித்தான் வரும் டாக்டர். கண்ணுல பூச்சி பறக்குதும்பா, கொஞ்ச நேரத்துல ஒரு பக்கம் விழுந்துரும், ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவா. பாரிச வாயுன்னு எண்ணெய் தேய்ப்பாங்க. காத்து சேட்டைன்னு திருநீறு போடுவாங்க." அம்மாவுக்கே இளவயதில் வெளிச்சத்தோடு வரும் தலைவலி உண்டு, பெரியம்மாவுக்குக் கை விழுந்ததும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் இவற்றை யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததில்லை. ஆச்சி கடைசிக் காலத்தில் தள்ளாடித் தள்ளாடி நடந்ததை வயதின் தளர்ச்சி என்றே எண்ணியிருந்தோம். மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டு, என்னைத் தரை ஓட்டின் கோட்டின் மேல் குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். கண்களை அவர் விரலோடு சேர்த்து நகர்த்தச் சொன்னார்.

என் நோயின் பெயர் பக்கவாத ஒற்றைத் தலைவலி. ஹெமிப்ளெஜிக் மைக்ரேன் என்று மருத்துவர்கள் எழுதுவார்கள். டென்மார்க்கில் எடுத்த கணக்கெடுப்பின்படி சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. குடும்ப வழியாக வருவதும் உண்டு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக ஒருவருக்கு வருவதும் உண்டு. குடும்ப வழியில் வருவதற்குக் காரணமான மரபணுக்களில் முதலாவது 1996-லும் இரண்டாவது 2003-லும் மூன்றாவது 2005-லும் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்றுமே மூளை உயிரணுக்களின் சவ்வு வழியே கால்சியம், சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னூட்டமுள்ள துகள்கள் சென்றுவரும் வழிகளைப் பற்றியவை. எங்கள் குடும்பத்தில் இருப்பது முதலாவது. சிஏசிஎன்ஏ1ஏ என்ற அந்த மரபணுவில் மாற்றம் உள்ள குடும்பங்களில் சிலருக்கு நடைத் தள்ளாட்டமும் சேர்ந்து வரும் என்பதைக் கேட்டபோது ஆச்சியின் நடை கண்முன் வந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கான நிகழ்தகவு இரண்டில் ஒன்று. நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்தைச் சுண்டிச் சுண்டி எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் அந்தப் பின்னம் கனத்தது.

வெளிச்சம் ஏன் நகர்கிறது என்பதற்கான விளக்கம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததால் அதையும் சொல்ல விரும்புகிறேன். 1941-ல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், தமக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன் தோன்றும் வெளிச்சப் பிறையை நிமிடக் கணக்கோடு வரைந்து பார்த்து, மூளையின் பின்புறப் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணக்கிட்டார். 1944-ல் அரிஸ்டிடிஸ் லியாவ் என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர், முயலின் மூளைப் புறணியில் அதே போன்ற மெதுவான வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். அலை செல்லும் இடத்தில் நரம்பணுக்கள் முதலில் கிளர்ந்து எழுகின்றன, பிறகு சிறிது நேரம் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் முதலில் மின்னல், பிறகு குருடு. முதலில் எறும்பு ஊர்தல், பிறகு மரப்பு. நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் 20 நிமிடத்தில் 6 சென்டிமீட்டர். மூளையின் பின்புறத்தில் கிளம்பிய ஓர் அலை, கையின் உணர்வுப் பகுதியையும் அதற்கு முன்னால் உள்ள இயக்கப் பகுதியையும் வந்தடைய அந்த மாணவியின் நோட்டில் இரண்டாவதிலிருந்து நான்காவது வரை மூன்று கணக்குகள் ஆகியிருக்கின்றன. நான் நடிக்கவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த சான்று அந்தப் பெருக்கல்தான்.

இந்தப் பெயரை ஒரு முறை வந்ததை வைத்தே சூட்டிவிட முடியாது. குறைந்தது இரண்டு முறையாவது இப்படி வந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சரியாகியிருக்க வேண்டும், வேறு காரணங்கள் எல்லாம் தேடி விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பலவீனம் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் நீங்கிவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. கடுமையான தாக்குதலில் காய்ச்சலும் குழப்பமும் மயக்கமும் வரலாம் என்பதால், பெயர் தெரிந்த பிறகும் இதை வெறும் தலைவலி என்று எண்ணக் கூடாது.

மருந்துகளைப் பற்றி என் அனுபவத்தில் முக்கியமானவை மூன்று. முதலாவது, நான் போட்டுக்கொண்டிருந்த ரிசாட்ரிப்டான். அதுவும் சுமாட்ரிப்டான், எர்கோட்டமின் போன்றவையும் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. கை விழும் வகைத் தலைவலிக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது என்றே அவற்றின் மருந்துக் குறிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் நான் முழுக் கதையையும் சொல்லியிருந்தால் அதை எனக்குத் தந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, மாதவிடாய் ஒழுங்குக்காக எனக்கு அதற்கு முன் எழுதித் தரப்பட்டிருந்த ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை. வெளிச்சம், மரப்பு போன்ற முன்னறிகுறிகளோடு ஒற்றைத் தலைவலி வரும் பெண்களுக்கு உண்மையான பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்தால் அது மேலும் கூடும். நரம்பு மருத்துவர் அன்றே அதை நிறுத்தி, மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழி கேட்கச் சொன்னார். இதைத் தோழிகள் எல்லோரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் தலைவலியைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் நாம் சொல்வதே இல்லை. மூன்றாவது, வலி மாத்திரையின் எண்ணிக்கை. சாதாரண வலி மாத்திரையானாலும் மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

வராமல் தடுக்க எனக்கு வெராபமில் கொடுத்தார்கள். தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மலச்சிக்கல்தான் அதன் தொல்லை. ஃப்ளூனாரிசின், அசெட்டசோலமைடு, லாமோட்ரிஜின் போன்றவையும் இந்நோய்க்குப் பயன்படுகின்றன. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், என் மருந்தை யாரும் கேட்டு வாங்கிப் போட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு நான்கைந்து முறை என்று போய்க்கொண்டிருந்தது, இப்போது ஓராண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. உறக்கம் கெடாமலும் காலை உணவு தவறாமலும் பார்த்துக்கொள்வதற்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் குறிப்பேடு சொல்லும் கணக்கு. வெளிச்சம் தோன்றினால் ஸ்கூட்டியை அந்த இடத்திலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் ஓட்டுவதில்லை.

இதே போல வேறு தலைவலிகளும் நோய்களும் வேடம் மாற்றி வருகின்றன. சில நொடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போகும் இடி போன்ற தலைவலியை மைக்ரேன் என்று எண்ணி யாரும் படுத்துவிடக் கூடாது; அது மூளையைச் சுற்றிய ரத்தக் கசிவாக இருக்கலாம். பிரசவம் முடிந்த சில வாரங்களுக்குள் நாளுக்கு நாள் ஏறும் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால், மூளையின் சிரை ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று தாகத்தோடு வைத்திருக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். உடலில் நீர் வற்றுவதும் ரத்தம் உறைவதற்கு ஒரு காரணம்.

இனி எழுதப்போவது எனக்குக் கடினமான பகுதி. 2022 ஜனவரியில், மார்கழிக் காலை ஐந்தே முக்கால் மணிக்கு, பெரியம்மா மகன் அண்ணன் போன் செய்தார். "அம்மைக்கு இடது கை விழுந்துட்டு. நம்ம குடும்பத் தலைவலிதானே? படுக்கச் சொல்லட்டா?" இந்த நோயைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னவள் நான். அதனால்தான் அவர் என்னைக் கேட்டார். நானும், இருட்டறையில் படுக்க வையுங்கள், வருகிறேன் என்றேன். குளித்துக் கிளம்பிப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான், வெளிச்சம் தெரிந்ததா என்று கேட்கவில்லையே என்பது உறைத்தது. திரும்பப் போன் செய்தேன். வெளிச்சமும் இல்லை, விரல் மரப்பும் இல்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கோலப்பொடிக் கிண்ணம் பொத்தென்று விழுந்திருக்கிறது, அந்த நொடியிலேயே வாயும் கோணியிருக்கிறது. உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிக் கத்தினேன். கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து.

அது உண்மையான பக்கவாதம். 67 வயது, ரத்தக் கொதிப்பு, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போயிருந்தது. நேரம் இன்னும் கடந்துவிடவில்லை என்பதால் ஊசி போட்டார்கள். கால் திரும்பியது, பேச்சும் திரும்பியது. இடது கை விரல்கள் முழுவதும் திரும்பவில்லை. பெரியம்மா இடக்கைப் பழக்கமுள்ளவர். அந்த விரல்களால்தான் கோலப்பொடியை மெல்லிய இழையாக விடுவார். பெரிய ரத்தக் குழாய் அடைபடும் பக்கவாதத்தில் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்ற கணக்கை நான் பின்னர் தெரிந்துகொண்டேன். என் பேச்சைக் கேட்டுக் காத்திருந்த 40 நிமிடத்தோடு அதைப் பெருக்கினால் 7 கோடியே 60 லட்சம். பெரியம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீ சொல்லித்தானே 108 வந்துச்சு" என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நடைமுறையை மாற்றிவிட்டோம். கை விழுந்தால் யாரும் யாரையும் போனில் ஆலோசனை கேட்பதில்லை. முதல் அழைப்பு 108-க்குத்தான். முன்பு பத்து முறை வந்து போயிருந்தாலும் அப்படித்தான். ஊர்தி வரும்வரை மற்ற வேலைகள்: கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும், எந்த அறிகுறி எந்த வரிசையில் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் எழுதுவது, முகம், கை, பேச்சு மூன்றும் தெரியும்படி கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடிப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல் இருப்பது. ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொல்லும் முன் ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. என் கைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது. நோயின் பெயர், கொடுக்கக் கூடாத மருந்துகள், என் மருத்துவரின் எண், முந்தைய படங்களின் முடிவு ஆகியவற்றோடு, கடைசி வரியாக, "ஆயினும் இம்முறை பக்கவாதமா என்று முதலில் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறேன். பெரியம்மாவுக்குப் பிறகு சேர்த்த வரி அது.

மகனுக்கு இப்போது 14 வயது. இரண்டு முறை கண்ணில் வெளிச்சத்தோடு தலைவலி வந்திருக்கிறது, கை விழவில்லை. இந்த மரபணு மாற்றம் உள்ள சிலருக்குத் தலையில் படும் சிறிய அடிகூடக் கடுமையான தாக்குதலைத் தூண்டி, மூளை வீக்கம் வரை போயிருக்கிறது. அதனால் கால்பந்தைத் தலையால் முட்ட வேண்டாம் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவனுக்கு அதில் வருத்தம் உண்டு. ஓடுவதையும் நீந்துவதையும் நாங்கள் தடுக்கவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு வந்தபோது வீட்டில் அவன் மட்டும்தான் இருந்தான். மருத்துவமனையில் பணி மருத்துவர் அவனிடம் கேட்கத் தொடங்கியதும், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினான். அவர் அதைப் படித்துவிட்டு என் கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டார். அதில் இப்படி எழுதியிருந்தது: "4.10 அம்மா வலப் பக்கம் வெளிச்சம் என்றார். 4.24 சுண்டுவிரல். 4.31 முழங்கை, உதடு. 4.36 டம்ளர் விழுந்தது. 4.37 108-க்குப் போன் செய்தேன். 4.40 என் பெயரைக் கேட்டேன், தப்பாகச் சொன்னார்."